அருவிக்கு யார் காவல்?

குற்றாலம் பேரருவியின் முன்னால் ஒரு பாதுகாப்பு வளைவு நிற்கிறது. உள்ளூரில் எல்லாருக்கும் அது ‘ஆர்ச்’. தண்ணீர் ஆர்ச்சுக்கு உள்ளே விழுந்தால் குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டி வெளியே கொட்டினால் தடை. சாரல் காலத்தில் இந்த நிலவரம் நாளிதழ்களில் தினமும் வரும்: மெயின் அருவியான பேரருவியில் தடை, ஐந்தருவியில் அனுமதி, பழைய குற்றாலத்தில் கூட்டம். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வேன் பிடிக்கிறவர்கள் கிளம்புமுன் விசாரிப்பது இதைத்தான்.

தடை என்று முடிவாகும் நிமிடத்தில் அருவிக்கரையில் நிற்பவர் ஒரு காவலர். மழைக்கோட்டுக்குள்ளும் நனைந்து, விசிலை வாயில் வைத்தபடி, குளித்துக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கானவர்களை அவர் வெளியேற்ற வேண்டும். “சார், ஒரே ஒரு தடவை தலையைக் காட்டிட்டு வந்துடுறோம்” என்பார்கள். குழந்தை அழும். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கும் பெரியவர் கோபப்படுவார். ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்த குடும்பம் கைகட்டி நின்று முறைக்கும். அவர் யாருக்கும் இணங்காமல் எல்லாரையும் கரையேற்றினால் அன்று மாலை குற்றாலத்தில் எதுவும் நடந்திருக்காது. நடக்காத ஒன்றுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. பிடித்த திருடனுக்குக் கணக்கு உண்டு, மீட்ட நகைக்குக் கணக்கு உண்டு, போட்ட வழக்குக்குக் கணக்கு உண்டு. தண்ணீரிலிருந்து வெளியேற்றப்பட்டதால் உயிரோடு ஊர் திரும்பியவர், தான் காப்பாற்றப்பட்டதை அறியாமலே காவலரைத் திட்டிக்கொண்டு போகிறார்.

காவல்துறையின் சமூகப்பணி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது மருத்துவ முகாம், மரக்கன்று, ஹெல்மெட் பேரணி, பள்ளியில் ஒரு சொற்பொழிவு. இவற்றில் எனக்குக் குறையில்லை. ஆனால் தென்காசி மாவட்டத்தில் மிகப் பெரிய சமூகப்பணி எது என்று கேட்டால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவிக்கரையில் நடக்கும் இந்த வேலையைத்தான் சொல்வேன். அந்த வேலை பிசகினால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது இன்றுவரை தெளிவாகாமல் இருப்பதால்தான் இந்தக் கட்டுரை.

மே 17

2024 மே 17, வெள்ளிக்கிழமை. சாரல் தொடங்க இன்னும் வாரங்கள் இருந்தன. கோடை மழையில் பழைய குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டுக் கூட்டம் வந்திருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுக்குக் கனமழை எச்சரிக்கை இருந்த நாள்கள் அவை. பிற்பகலில் மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் ஏறி ஓடும் காட்சியைக் கைப்பேசிகளில் நாடே பார்த்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்.

குற்றாலத்து அருவிகளின் இயல்பே அப்படி. கீழே வெயில் அடிக்கும்போது மேலே மழை பெய்துகொண்டிருக்கும். சிற்றாறு தேனருவியாக விழுந்து, செண்பகாதேவி அருவியாக விழுந்து, பிறகுதான் பேரருவிக்கு வந்து பொங்குமாகடலில் மோதுகிறது. மேலே என்ன நடக்கிறது என்பதைக் கீழே குளிப்பவரால் பார்க்க முடியாது. பழகியவர்களுக்குச் சில அடையாளங்கள் தெரியும். தண்ணீரின் நிறம் கலங்கும். சருகும் குச்சியும் சேர்ந்து வரத் தொடங்கும். இரைச்சல் மாறும். அதன்பிறகு கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் விசில் ஊதுபவருக்கு அருவியைத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மரணத்துக்குப் பிறகு சில நாள்கள் எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை இருந்தது. எச்சரிக்கை ஒலி பற்றியும் நேரக் கட்டுப்பாடு பற்றியும் பேச்சு வந்தது. கூடவே, பழைய குற்றாலம் யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற வாதமும் எழுந்தது. அருவிக்குப் பின்னால் இருப்பது வனத்துறையின் காடு. படிக்கட்டும் தடுப்பும் இன்னொரு துறை கட்டியவை. வாகனக் கட்டணமும் கடைகளும் உள்ளாட்சியின் கணக்கு. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது காவல்துறை. நான்கு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் இடத்தில் நாலாவது ஆளுக்கு மட்டும் கையில் விசில் இருக்கிறது. அதனால் கேள்வி கேட்க நினைப்பவரும் முதலில் அவரைத்தான் கேட்கிறார்.

ஷெரீப்பும் எஸ்.பி.யும்

இதே கேள்வி 2025 ஜூலையில் அமெரிக்காவில் கேட்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் கெர் கவுண்டி. ஜூலை 4 விடியற்காலையில் குவாடலூப் ஆறு ஒரு மணி நேரத்துக்குள் பல அடி உயர்ந்து கரையோரக் கூடாரங்களையும் விடுதிகளையும் அடித்துச் சென்றது. கேம்ப் மிஸ்டிக் என்ற கோடை முகாமில் தங்கியிருந்த சிறுமிகள் உட்பட அந்தக் கவுண்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றோரம் எச்சரிக்கைச் சங்கு அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் செலவைக் காரணம் காட்டி நிறைவேறாமலே இருந்தது. அடுத்த நாள்களில் ஷெரீப் லாரி லைதா செய்தியாளர்கள் முன் நின்றபோது மாறி மாறிக் கேட்கப்பட்டது இதுதான்: எச்சரிக்கை எப்போது வந்தது, யாருக்கு வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள்?

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் அதிகமான கவுண்டிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஷெரீப்பை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கு. உள்ளூர்ச் சிறை, நீதிமன்ற ஆணைகள், கிராமப்புற ரோந்து, பல இடங்களில் ஆற்றிலும் மலையிலும் சிக்கியவர்களைத் தேடி மீட்பது எல்லாம் அவர் வேலை. சென்னையிலும் ஷெரீப் என்றொரு பதவி உண்டு என்பது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது அழைப்பிதழில் பெயர் போடும் கௌரவப் பதவி, 1990களோடு முடிந்துபோனது. நம்மூரில் ஷெரீப்புக்கு இணையாகச் சொல்லக்கூடியவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், அதாவது எஸ்.பி.

ஒரு வேறுபாடு உண்டு. எஸ்.பி.யை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அரசு அனுப்புகிறது. காவல் அதிகாரியைத் தேர்தலில் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்த் தேர்தல்களில் சாதி படுத்தும் பாட்டைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். ஆனால் கெர் கவுண்டி மக்களுக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க முடிந்தது. பதில் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் அதைச் சொல்லவும் முடியும். பழைய குற்றாலத்தில் மகனை இழந்தவர்கள் எந்த முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள்?

இழப்பைக் கட்டிய காவல்

இந்தச் சீமையில் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் தெளிவான பதில் இருந்தது. சொக்கம்பட்டி, ஊத்துமலை, தலைவன்கோட்டை, சிவகிரி, பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் எல்லாம் இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள் வருகின்றன. பாளையக்காரர்கள் வட்டாரத்தைக் காக்க வாங்கிய கூலி தேசகாவல், ஊரைக் காக்க வாங்கியது ஸ்தலகாவல். ஊர்க் காவல்காரருக்கு அறுவடையில் பங்கு உண்டு. அந்தப் பங்குக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. ஊரில் களவு போனால் பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் இழப்பைக் காவல்காரரே கட்ட வேண்டும்.

இதைப் பொற்காலமாக நான் வரையப் போவதில்லை. காவல் கூலி கொடுக்க மறுத்தவன் வைக்கோல்போர் இரவோடிரவாக எரிந்த கதைகள் தென்மாவட்டங்கள் எங்கும் உண்டு. காணாமல் போன மாட்டைத் திரும்பப் பெற துப்புக்கூலி கொடுக்கும் வழக்கத்தில், மாட்டை ஓட்டியவனும் துப்புச் சொன்னவனும் ஒரே ஆளாக இருந்ததும் உண்டு. 1890களில் மதுரைப் பக்கத்துக் குடியானவர்கள் காவல் முறைக்கு எதிராகக் கிளர்ந்தார்கள் என்றால் காரணமில்லாமல் இல்லை. ஆனாலும் காக்கத் தவறினால் ஈடு கட்ட வேண்டும் என்ற அந்த ஒரு விதியை மட்டும் நாம் தொலைத்திருக்கக் கூடாது.

தொலைந்தது கம்பெனி ஆட்சியில். பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிந்தபோது காவல் உரிமைகள் பறிக்கப்பட்டன. 1816இல் கிராம முன்சீப்பும் தலையாரியும் ஊர்க் காவலுக்குப் பொறுப்பானார்கள். வரி வசூலித்த தாசில்தாரே காவலுக்கும் தலைவர். விளைவு என்ன என்பது 1855இல் வெளிவந்த சென்னை சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கிறது. வரி கட்டாதவனைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டும் அண்ணாந்தாள், விரல்களை நசுக்கும் கிட்டி என்று கருவிகளின் பெயர்களோடு இருக்கிறது. அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் 1859ஆம் ஆண்டின் சென்னை காவல் சட்டம். வரியும் காவலும் பிரிக்கப்பட்டன. வில்லியம் ராபின்சன் தலைமையில் சீருடைக் காவல்துறை உருவானது. சித்திரவதைக்குப் பரிகாரமாக வந்த துறை என்பதை நம் காவலர் பயிற்சிப் பள்ளிகளில் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பழைய காவல்காரர்கள் என்ன ஆனார்கள்? குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் விரிந்தது. கள்ளர், மறவர் உட்படப் பல சமூகங்களின் பிரிவுகள் அதில் சேர்க்கப்பட்டன. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். தலைமுறைகளாக ஊரைக் காத்த வீடுகளின் ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்று ஆனது. 1947இல் சட்டம் நீங்கியது. காவல் நிலையம் என்றால் உள்ளே போகக் கூடாத இடம் என்ற எண்ணம் நீங்கவில்லை. நம் கிராமங்களில் போலீஸ் ஜீப் வந்தால் கதவு சாத்தும் பழக்கத்துக்கு வயது அதிகம்.

ஒரு தொப்பியும் ஒரு தடையும்

அந்தக் கதவைத் திறக்க முயன்றவர்களில் பிரதீப் வி. பிலிப் முக்கியமானவர். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது அவர் அங்கே பணியில் இருந்த இளம் ஏ.எஸ்.பி. குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்தார். அன்று அவர் அணிந்திருந்த தொப்பியும் பெயர்ப் பட்டையும் வழக்கின் சான்றுப் பொருள்களாக நீதிமன்றத்துக்குப் போயின. முப்பது ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பர் 30 அன்று டி.ஜி.பி.யாக ஓய்வுபெற்றபோது, நீதிமன்ற அனுமதியோடு அவற்றைப் பெற்று அணிந்துகொண்டு விடைபெற்றார்.

அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அவர் செய்த ஒரு வேலைதான் நமக்கு வேண்டியது. 1993இல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்தபோது ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். சாதிப் பூசலும் சந்தேகமும் நிறைந்த மாவட்டம் அது. ஊர்க்காரர்களே தொண்டர்களாகச் சேர்ந்து ரோந்துக்கும் போக்குவரத்துக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் உதவுவது, காவலரும் ஊரும் ஒருவரை ஒருவர் அறிவது என்பதே எண்ணம். பின்னர் அரசு அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனது. 2002இல் பிரிட்டனின் ராணி பெயரால் வழங்கப்படும் காவல் பயிற்சிப் புத்தாக்க விருது அவருக்குக் கிடைத்தது.

பிறகு வந்தது சாத்தான்குளம். 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். தென்காசியிலிருந்து அதிக தூரமில்லாத ஊர். அந்த நிலையத்தோடு தொடர்புடைய ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் தொண்டர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு அதை மறுத்தது. ஜூலையில் தமிழக அரசு இயக்கத்தையே தடை செய்தது.

அந்தத் தடையை நான் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பொதுமக்களின் கோபம் நியாயமானது. விதியும் மேற்பார்வையும் இல்லாமல் நிலையத்துக்குள் உலவும் ஆள் ஆபத்தானவர்தான். ஆனால் சாத்தான்குளம் நிலையத்தில் நடந்ததற்காகக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சீருடைக் காவலர்கள். தடை விழுந்ததோ ஊரையும் நிலையத்தையும் இணைத்த, எத்தனை ஓட்டை இருந்தாலும் இருந்த ஒரே பாலத்தின் மீது. 1855இல் ஆள்பவர்கள் காரணத்தைத் தேடிப்போய் அமைப்பையே மாற்றினார்கள். 2020இல் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

மாற்றலும் கல்வெட்டும்

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது. சுகுணாசிங் முதல் எஸ்.பி.யாகப் பொறுப்பேற்றார். சில மாதங்களில் கொரோனா. கேரள எல்லையில் புளியரைச் சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்ப்பதே மாவட்டக் காவலின் பெரிய வேலையானது. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம், தென்காசி சென்னைப் பக்கம். பழைய எல்லைகளின் நினைவு இன்னும் அழியாத வட்டாரம் இது.

அதற்குப் பிறகு எஸ்.பி.க்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பலர் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்ததில்லை. ஒருவர் தொடங்கிய திட்டம் அடுத்தவர் வந்ததும் சுவரொட்டியாக மட்டும் மிஞ்சுவதை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். இது தனிமனிதர்களின் குறையில்லை, மாற்றல் முறையின் குறை. மாறாமல் இருப்பவர் யார் என்று பார்த்தால் காவலர். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்கிறவர் முதல் நிலை, தலைமைக் காவலர் என்று படிப்படியாக உயர்ந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலான பணிக்குப் பிறகு சிறப்பு சார் ஆய்வாளர் ஆகிறார். அப்படி ஒருவர் இந்த வட்டாரத்திலேயே பணிபுரிந்திருந்தால் இருபதுக்கு மேற்பட்ட சாரல்களைப் பார்த்திருப்பார். அருவியின் நிறம் மாறுவதை அவர் அளவுக்கு எந்த அதிகாரியும் அறிய மாட்டார். அவர் அறிந்தது எங்கேயும் எழுதப்படுவதில்லை. ஓய்வுபெறும் நாளில் மாலையோடும் சால்வையோடும் அது அவருடன் வீட்டுக்குப் போய்விடுகிறது.

தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சிக்கலை யோசித்திருக்கிறான். தான் கட்டியதைப் பின்னாளில் பழுதுபார்த்துக் காப்பவர் யாரோ அவரைத் தான் வணங்குவதாகக் கல்லில் வெட்டிவைத்தான். வருகிறவன் யார் என்று தெரியாமலே அவனுக்குச் சேதி விட்டுப் போக வேண்டும் என்று ஓர் அரசனுக்குத் தோன்றியிருக்கிறது.

ஊர்மக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காவலுக்குக் கைகொடுக்கும் நெஞ்சுரம் இங்கே குறைவில்லை. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில், முகமூடியும் அரிவாளுமாக வந்த இருவரை ஒரு முதிய தம்பதி செருப்பாலும் பிளாஸ்டிக் நாற்காலியாலும் அடித்து விரட்டினார்கள். அந்த சுதந்திர தினத்திலேயே முதல்வர் கையால் அவர்களுக்கு விருது கிடைத்தது. 2022 டிசம்பரில் பழைய குற்றாலத்தில் தண்ணீரோடு இழுத்துச் செல்லப்பட்ட நான்கு வயதுச் சிறுமியை, குளிக்க வந்திருந்த ஓர் ஓட்டுநர் பாறைகளுக்கு நடுவே இறங்கி மீட்டார். அவர் மீட்புப் பயிற்சி பெற்றவர் அல்லர். கயிறும் மிதவையும் கையெட்டும் தூரத்தில் இருந்து, இரண்டு பேர் பயிற்சியோடு நின்றிருந்தால் அவர் தன் உயிரைப் பணயம் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். ஒவ்வோர் அருவிக்கும் ஒரு பொறுப்பு அதிகாரி, பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் நுழைவாயில் பலகையில் இருக்க வேண்டும். எந்தத் துறையாக இருந்தாலும் சரி, ஒருவர். திறப்பதும் அடைப்பதும் அவர் முடிவு. தவறினால் பதில் சொல்வதும், உயிர் போனால் இழப்பீட்டுக் கோப்பைத் தன் கையால் தொடங்குவதும் அவர் கடமை. 1963 முதல் இருக்கும் ஊர்க்காவல் படையில் குற்றாலம், இலஞ்சி, மேலகரம் இளைஞர்களைச் சேர்த்து, நீச்சலும் கயிற்று மீட்பும் பழக்கி, சாரல் மாதங்கள் முழுவதும் உரிய படியோடு அருவிக்கரையில் நிறுத்த வேண்டும். சாரலுக்கு வெளிமாவட்டங்களிலிருந்து வரும் காவலர்களுக்கு முதல் நாளே செண்பகாதேவி முதல் பேரருவி வரை தண்ணீர் வரும் வழியைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. குற்றாலம் காவல் நிலையத்தில் ஓர் அருவிக் குறிப்பேடு. எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தண்ணீர் கலங்கியது, மேலே மழை பற்றிய தகவல் எப்போது கிடைத்தது, எத்தனை நிமிடத்தில் ஆர்ச்சைத் தாண்டியது, எத்தனை பேரை வெளியேற்றினார்கள், யார் விசில் ஊதினார்கள். அதை எழுதும் வேலையை அங்கே அதிக சாரல் பார்த்த சிறப்பு சார் ஆய்வாளரிடம் கொடுக்கலாம். புதிதாக வரும் எஸ்.பி. பொறுப்பேற்கும் நாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் பதிவேடுகளில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.